395இல் ஒரு பழைய டீசல்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வடக்கே போகிறவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் எண் நெடுஞ்சாலையைத்தான் பிடிப்பார்கள். மாமா அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். 14ஆம் எண் சாலையில் ஏறி, மொஹாவி பாலைவனத்தைக் குறுக்கே கடந்து, இன்யோகெர்னுக்குப் பக்கத்தில் 395ஐத் தொட்டு, அப்புறம் சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குச் சுவரை ஒட்டியே போக வேண்டும் அவருக்கு. "அஞ்சுல போனா வண்டிக்கு வேலையே இல்லீங்க மாப்ள. இதுல போனாத்தான் அது என்ன நினைக்குதுன்னு தெரியும்" என்றார், செப்டம்பர் மாதத்து விடியற்காலையில் பெட்டிகளை ஏற்றும்போது.

மாமா என் மனைவியின் தாய்மாமன். நாமக்கல் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா லாரி வைத்திருந்தவர் என்பதால், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதிலேயே டீசல் பம்பு பிரிக்கிற பட்டறையில் நின்று வேடிக்கை பார்த்தவர். அமெரிக்காவுக்கு வந்து பொறியாளராக வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டார். வீட்டில் புது மின்சாரக் கார் ஒன்று இருக்கிறது; அது அத்தைக்கு. அவருக்கு வாய்த்தது 1984ஆம் ஆண்டு மாடல் மெர்சிடிஸ் 300டி டர்போ டீசல், ஆட்டோமேட்டிக். இந்தப் பயணம் முழுக்க ஓட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்து இருக்கையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்த வண்டியின் குடும்பப் பெயர் டபிள்யூ123. 1976இல் வெளிவந்து எண்பதுகளின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. ஜெர்மனியில் டாக்சியாக ஓடித் தீர்த்த பிறகு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறி, அங்கேயும் டாக்சியாக ஓடியவை ஏராளம். அமெரிக்காவில் கதை வேறு. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, வசதி படைத்தவர்கள் விரும்பி வாங்கிய வண்டி இது. ஐந்து சிலிண்டர், மூன்று லிட்டர், டர்போ வைத்தும் ஏறக்குறைய 120 குதிரைத்திறன்தான். இன்றைய சின்ன கார்கள்கூட இதைத் தாண்டிவிடும். ஆனால் இதே இன்ஜினை முறுக்கேற்றி சி111 என்ற சோதனை வண்டியில் பொருத்தி, 1976இல் இத்தாலியின் நார்டோ வட்டப் பாதையில் இரவு பகலாக ஓட்டி, மணிக்குச் சராசரி 250 கிலோமீட்டருக்கு மேல் என்று உலக சாதனை படைத்தார்கள். தாங்கும் சக்திக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் இவை இன்னும் கண்ணில் படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: 1997ஆம் ஆண்டு வரையிலான டீசல் கார்களுக்கு அங்கே புகைச் சோதனை கிடையாது. சுற்றுச்சூழல் பார்வையில் அது சரியா என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். மாமா அதற்காகவே இன்ஜெக்டர்களைக் காலம் தவறாமல் சோதித்துவிடுகிறார். கரும்புகை விட்டுக்கொண்டு போவதை அவரால் பொறுக்க முடியாது.

சாவியை ஸ்டார்ட்டுக்கு முந்தின கட்டத்துக்குத் திருப்பினால் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். க்ளோ பிளக் சூடேறுகிறது. விளக்கு அணையும் வரை பொறுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்ஜின் உதறிக்கொண்டு எழுந்து, பிறகு சமாதானமாகி, தாளம் பிசகாத ஒரு சத்தத்துக்கு வந்து சேரும். ஐந்து சிலிண்டரின் அந்த ஒற்றைப்படைத் தாளம் நாலு சிலிண்டரிலும் வராது, ஆறிலும் வராது.

'டி'யில் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காததுபோலத்தான் இருக்கிறது. ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட இரும்பு யோசித்து யோசித்து நகர்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றைத் தாண்டும்போதுதான் டர்போ விழித்துக்கொள்ளும். முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளுகிற உணர்வு வரும். நெடுஞ்சாலையில் நுழையும் சரிவுப் பாதையில் அறுபது மைல் வேகத்தைத் தொட பதின்மூன்று, பதினாலு விநாடி ஆகும். பின்னால் வரும் லாரிக்காரர் முகத்தைக் கண்ணாடியில் பார்க்காமல் இருப்பது நல்லது. "முழுசா மிதிச்சிருங்க மாப்ள. இந்த இன்ஜினுக்குப் பாவ புண்ணியம் பார்க்கக் கூடாது. அடக்கி அடக்கி ஓட்டினா கரி பிடிச்சுக்கும்" என்றார் மாமா.

மொஹாவி ஊரில், ஓய்வுபெற்ற விமானங்கள் வரிசை வரிசையாக வெயிலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, ரெட் ராக் கேன்யனின் செம்பாறைகளுக்கிடையே ஏறத் தொடங்கியபோதுதான் கியரின் கோளாறு வெளிப்பட்டது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது வண்டியின் அடியில் யாரோ உதைத்ததுபோல ஒரு குத்து. காலை லேசாக வைத்து மெதுவாக ஏறும்போதுகூட அதே குத்து. மூன்றிலிருந்து நான்குக்கும் அப்படித்தான். முந்தின வாரம் ஊருக்குள் ஓட்டியபோது இது இல்லை என்றார் மாமா. அதற்குப் பிறகு சற்று நேரம் பேசாமல் வந்தார்.

இந்தக் குத்து ஏன் வருகிறது என்பதை அன்று அவர் எனக்குச் சொன்ன விதம் இன்னும் மனதில் நிற்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள் உராய்வுத் தட்டுகளும் பட்டைகளும் இருக்கின்றன. எண்ணெயின் அழுத்தம்தான் அவற்றைப் பிடிக்க வைக்கிறது. எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பது, அந்த நேரத்தில் இன்ஜின் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. இன்ஜின் பலமாக இழுக்கும்போது தளர்வாகப் பிடித்தால் தட்டுகள் வழுக்கித் தேய்ந்துவிடும். மெதுவாக இழுக்கும்போது இறுக்கிப் பிடித்தால் குத்து விழும். எடை தெரியாத மூட்டையைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தூக்குகிறவன் நிலைதான்: முழுப் பலத்தோடு தூக்கி, உள்ளே வெறும் பஞ்சாக இருந்துவிட்டால் ஆளே பின்னால் சாய்ந்துவிடுவான். ஆகவே இன்ஜின் சுமக்கும் பாரத்தைக் கியர் பாக்ஸுக்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

பெட்ரோல் இன்ஜினில் இந்தச் செய்தி சும்மாவே கிடைத்துவிடுகிறது. அதில் காற்று போகும் வழியில் ஒரு மூடி உண்டு. காலை எடுத்தால் மூடி அடைத்துக்கொள்ளும். இன்ஜின் காற்றுக்குத் தவித்து உறிஞ்சும். அதனால் உள்ளே வேக்குவம் கூடும். மிதித்தால் மூடி திறக்கும், வேக்குவம் குறையும். ஒரு ரப்பர் குழாயைக் கியர் பாக்ஸ் வரை இழுத்துவிட்டால் போதும், பாரம் எவ்வளவு என்று அதற்குத் தெரிந்துவிடும். இந்த டீசல் இன்ஜினில் அந்த மூடியே கிடையாது. காற்று எப்போதும் தாராளமாகப் போகும். கூட்டுவதும் குறைப்பதும் எரிபொருளை மட்டும்தான். வேக்குவமும் இல்லை, செய்தியும் இல்லை.

அதனால் இன்ஜினின் முன்பக்கத்தில் வேக்குவம் உண்டாக்குவதற்கென்றே தனியாக ஒரு பம்பு வைத்தார்கள். இன்ஜெக்‌ஷன் பம்பின் மேல் ஒரு சிறு வால்வைப் பொருத்தினார்கள். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அந்த வால்வு வேக்குவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். மிச்சமிருக்கிற வேக்குவம் மெல்லிய குழாய் வழியாகக் கியர் பாக்ஸின் பக்கவாட்டிலுள்ள மாடுலேட்டருக்குப் போகும். பெட்ரோல் இன்ஜினில் இயல்பாகவே இருக்கும் ஒன்றை, இல்லாத இடத்தில் நடித்துக் காட்டும் ஏற்பாடு இது. இதோடு ஆக்சிலேட்டரிலிருந்து ஒரு கம்பி கேபிள் நேராகக் கியர் பாக்ஸுக்குப் போகிறது. எந்த வேகத்தில் மாறுவது என்பதைக் கேபிள் தீர்மானிக்கும். எவ்வளவு மென்மையாக மாறுவது என்பதை வேக்குவம் தீர்மானிக்கும். பெடலை அடி வரை அழுத்தினால் அதன் கீழே ஒரு மின் சுவிட்ச், அதுதான் கிக்டவுன். முழுக்க முழுக்க எண்ணெயும் காற்றும் கம்பியும் செய்கிற கணக்கு. கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லை.

எனக்கு இது வியப்பாகவே இருந்தது, இன்னும் இருக்கிறது. இன்றைய காரில் கியர் முரண்டு பிடித்தால் ஒரு கருவியைச் சொருகி அது காட்டும் எண்ணைப் படிக்கிறோம். இதில் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய்க் காரணத்தை அடையலாம். ஆனால் குழாய்கள் சேரும் முனைகளெல்லாம் ரப்பர். நாற்பது வருஷ ரப்பர் கெட்டித்து, வெடித்து, எங்காவது ஒரு மயிரிழை விரிசல் விட்டால் வேக்குவம் கசியும். கசிந்தால், ஓட்டுகிறவர் பெடலை முழுதாக மிதித்திருக்கிறார் என்று கியர் பாக்ஸ் எடுத்துக்கொண்டு இறுக்கிப் பிடிக்கும். நாங்கள் வாங்கிய குத்துகளெல்லாம் அப்படி வந்தவை. "வேக்குவம் எங்கியோ போவுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமா வெளியே பார்க்கத் தொடங்கினார்.

வெளியே ஓவன்ஸ் பள்ளத்தாக்கு விரிந்திருந்தது. இடப்பக்கம் மலைச்சுவர், வலப்பக்கம் ஓவன்ஸ் ஏரி இருந்த இடம். 1913இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீரைக் கால்வாய் வெட்டிக் கொண்டுபோன பிறகு, இருபதுகளிலேயே ஏரி வறண்டு வெள்ளைத் தரையாகிவிட்டது. இருநூறு மைலுக்கு மேல் நீளும் அந்தக் கால்வாயில் தண்ணீரை இறைக்க ஒரு பம்புகூட இல்லை. சரிவை மட்டும் நம்பி ஓடுகிறது. பம்புகளோடு வாழ்ந்த மாமாவுக்கு அந்த வேலைப்பாட்டின் மேல் பெரிய மரியாதை. ஏரியைப் பார்க்கும்போது மட்டும் முகம் மாறிவிடும். காவிரித் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது எளிதாகக் கடந்துபோகக்கூடிய காட்சியாக இல்லை.

லோன் பைனில் காபிக்கு நிறுத்தினோம். விட்னி சிகரம் எதிரே நின்றது; 14,505 அடி. நான் சாவியைத் திருப்பி வெளியே எடுத்துவிட்டேன். இன்ஜின் நிற்கவில்லை. சாவி என் கையில் இருக்க, வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காபிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தே வந்துவிட்டார். மாமா பதறவில்லை. பானட்டைத் திறந்து, இன்ஜெக்‌ஷன் பம்பின் பக்கத்தில் 'ஸ்டாப்' என்று எழுதியிருந்த சிவப்பு லீவரை அழுத்தினார். இன்ஜின் ஒரு குலுக்கலோடு நின்றது.

டீசலில் அணைப்பதற்கு மின்பொறி இல்லை. எரிபொருளை நிறுத்தினால்தான் இன்ஜின் நிற்கும். இந்த வண்டியில் சாவியைத் திருப்பினால் வேக்குவம் போய் இன்ஜெக்‌ஷன் பம்பை மூட வேண்டும். அதுவும் வேக்குவம்! நான்கு கதவுகளையும் சேர்த்துப் பூட்டும் ஏற்பாடும் வேக்குவம்தான். மாமா ஓட்டுநர் கதவைச் சாவியால் பூட்டினார். மற்றக் கதவுகளின் பொத்தான்கள் பாதியில் தொங்கி நின்றன. அவர் முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "ஆப்டுச்சுங்க மாப்ள" என்றார். குத்தும் கியர், நிற்காத இன்ஜின், பூட்டாத கதவு மூன்றுக்கும் மூலம் ஒரே ஓட்டை. கதவுப் பூட்டுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு ஏதோ ஒன்று கிழிந்து, மொத்த வேக்குவத்தையும் குடித்துக்கொண்டிருக்கிறது.

எந்தக் கதவு என்று தேட வேண்டுமானால் உள்பக்கத் தட்டிகளை எல்லாம் கழற்ற வேண்டும். நடு வழியில் அது ஆகாது. சாயங்காலம் பிஷப் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் மாமா விளையாட்டுச் சாமான் கடை எங்கே என்று விசாரித்தார். கோல்ஃப் பந்தைத் தரையில் ஏற்றி வைக்கிற சின்ன மரக்குச்சிகள் ஒரு பொட்டலம் வாங்கினார். எனக்குப் புரியவில்லை. தங்கும் விடுதியின் வாகன நிறுத்தத்தில் பானட்டைத் திறந்து, கதவுப் பூட்டுக்குப் போகும் மஞ்சள் குழாயை அதன் இணைப்பிலிருந்து பிடுங்கி, அந்த ரப்பர் வாயில் கூம்பு வடிவக் குச்சியைச் செருகினார். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்துகொண்டது. பழைய மெர்சிடிஸ் டீசல் வைத்திருப்பவர்களிடையே இது காலங்காலமாகப் புழங்கும் கைவைத்தியமாம். இன்ஜினை ஓடவிட்டுச் சாவியைத் திருப்பினேன். அக்கணமே நின்றது.

மறுநாள் காலை பிஷப்பிலிருந்து கிளம்பியபோது கியர் வேறு ஆளாக இருந்தது. குளிரில் எண்ணெய் கெட்டியாக இருந்ததால் முதல் இரண்டு மைல் மட்டும் தாமதமாக மாறியது. அது இந்த வயதுக் கியர் பாக்ஸ்களின் சுபாவம். சூடேறும் வரை அவசரப்படுத்தாமல் விட்டுவிட வேண்டும். அப்புறம் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுவது கால் விரலில் மட்டும் தெரிந்தது. முற்றிலும் தெரியாமல் மாறும்படி மாடுலேட்டரைத் திருகி வைக்கலாமே என்று கேட்டேன். திருகலாம்தான், அதன் ரப்பர் மூடிக்கு அடியில் ஒரு சிறு பிடி உண்டு. மாமா ஒப்பவில்லை. "வெண்ணெய் மாதிரி மாறுதுன்னா உள்ள வழுக்குதுன்னு அர்த்தம். தட்டு தேய்ஞ்சு போயிரும். லேசா ஒரு தட்டு தெரியணுங்க." இந்த ஒரு விஷயத்தில் பழைய வண்டி விற்பவர்களின் பேச்சைவிட அவர் சொல்வதையே நான் நம்புவேன். சோதனை ஓட்டத்தில் வழவழவென்று மாறுகிற பழைய ஆட்டோமேட்டிக், நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியே கிடையாது.

பிஷப் 4,150 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து முப்பது மைலுக்குள் ஷெர்வின் கணவாயின் 7,000 அடிக்கு ஏற வேண்டும். 395ஆம் சாலை இந்த வண்டியைச் சோதிக்கும் இடம் இதுதான். கியர் கம்பியில் 'டி'க்குக் கீழே 'எஸ்', 'எல்' என்று இரண்டு இடங்கள் உண்டு. 'எஸ்'ஸில் போட்டால் மூன்றாம் கியருக்கு மேல் போகாது. 'எல்'லில் இரண்டோடு சரி. 'டி'யிலேயே விட்டு ஏறினால் ஒரு சங்கடம். ஐம்பது மைல் வேகத்தில் நான்காம் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு இரண்டாயிரத்து சொச்சம் சுற்றுதான் சுற்றும். டர்போ அரைத் தூக்கத்தில் இருக்கிற இடம் அது. ஏற்றத்தில் வேகம் விழும். அடி வரை மிதித்தால் கிக்டவுன் ஆகி மூன்றுக்கு இறங்கும், இன்ஜின் கத்தும், வேகம் கூடும். காலைக் கொஞ்சம் தளர்த்தினால் மறுபடி நான்கு, மறுபடி சோர்வு. இப்படி மூன்றுக்கும் நான்குக்கும் இடையே அலைபாய்ந்துகொண்டே ஏறினால் எண்ணெய் கொதிக்கும், ஓட்டுகிறவருக்கும் அலுத்துப்போகும். 'எஸ்'ஸில் போட்டுவிட்டால் அதே ஐம்பது மைலில் மூவாயிரம் சுற்று. டர்போ முழு மூச்சில் ஊதும் இடம். ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு, வலது ஓரத் தடத்தில், வெப்பமானியில் ஒரு கண் வைத்து ஏறிக்கொண்டே போகலாம். நான் அப்படித்தான் ஏறினேன். பாரம் ஏற்றிய லாரிகளைத் தாண்டினோம். மற்ற எல்லாரும் எங்களைத் தாண்டினார்கள்.

ஏறும் சாலை இந்தக் கியர் பாக்ஸின் கண்ணுக்குத் தெரியாது. பாரம், வேகம் இரண்டைத்தான் அது அறியும். அடுத்த வளைவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மைல் ஏற்றம் இருக்கிறது என்பது ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரிந்த செய்தி. அந்தச் செய்தியை அதற்குக் கொடுக்கத்தான் 'எஸ்' இருக்கிறது. ஆட்டோமேட்டிக் என்றால் 'டி'யில் போட்டுவிட்டு மறந்துவிடுவது என்று நினைத்திருந்த எனக்கு, ஷெர்வின் ஏற்றத்தில் வலது கை சும்மா இருக்கவே இல்லை.

டெட்மேன் கணவாயின் எட்டாயிரம் அடியைத் தாண்டி, மோனோ ஏரியை எதிரே வைத்துக்கொண்டு லீ வைனிங் ஊருக்கு இறங்கும்போது வேறு ஒரு பாடம். காற்று மூடி இல்லாத இந்த இன்ஜின், காலை எடுத்தாலும் பெட்ரோல் வண்டி அளவுக்கு வேகத்தைப் பிடித்து நிறுத்தாது. அழுத்திய காற்றே திரும்ப விரிந்து பிஸ்டனைத் தள்ளிவிடும். ஆகவே இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறி வாடை வந்துவிடும். இறக்கம் தொடங்கும் முன்பே 'எஸ்', செங்குத்தான இடமென்றால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு 'எல்'. மலைப்பாதை லாரி ஓட்டுநர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமா கொல்லிமலைப் பக்கம் லாரிகளில் போய்ப் பழகியதை இங்கே எனக்குக் கடத்தினார்.

லீ வைனிங்கில் டீசல் நிரப்பிக்கொண்டு 120ஆம் எண் சாலையில் மேற்கே திரும்பினோம். டையோகா கணவாய் 9,945 அடி. பனிக்காலம் முழுக்க மூடியிருக்கும் பாதை. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் எழுபது சதவீதத்தைச் சுற்றித்தான். காற்று குறையும்போது அதே அளவு டீசலை ஊற்றினால் எரியாமல் கரும்புகையாகப் போகும். அதற்கும் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் பம்பின் மேல் ஆல்டா என்ற ஒரு சிறு உருளை. உள்ளே காற்றை வெளியேற்றி மூடிய தகட்டுப் பெட்டிகள். வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய அவை உப்பி, எரிபொருளின் அளவைத் தானாகக் குறைத்துவிடும். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், புகை இல்லை. விலை என்னவென்றால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வண்டிக்கு உயிரே இருக்காது. டர்போ விழிக்கும் வரை மூச்சுக்குத் திணறும். யோசெமிட்டி பூங்காவின் நுழைவுச் சாவடியில் வரிசை நகர நகர, ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு நான் பெடலைப் பாதிக்கு மேல் மிதிக்க வேண்டியிருந்தது. கணவாய்க்கு ஏறி வந்த வழியில், காற்று மெலிந்த இடத்திலும் மூன்றாம் கியர் பிடித்த பிடியை விடவில்லை.

டெனாயா ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தோம். கதவுகளை மாமா ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து கையால் அழுத்திப் பூட்டினார். ஊர் திரும்பியதும் நான்கு கதவுத் தட்டிகளையும் கழற்றி, கிழிந்த சவ்வு எது என்று கைப்பம்பு வைத்துப் பார்ப்பதாகத் திட்டம். ஒன்று போயிருந்தாலும் நான்கையும் மாற்றிவிடுவது, இணைப்பு ரப்பர்கள் மொத்தத்தையும் புதிதாகப் போடுவது, அதோடு கியர் எண்ணெயையும் மாற்றிவிடுவது. இந்த வண்டியில் டார்க் கன்வர்ட்டருக்கே தனியாக வடிகால் மூடி வைத்திருக்கிறார்கள், அதனால் பழைய எண்ணெய் ஏறக்குறைய முழுவதையும் வடித்துவிடலாம் என்று புளியோதரையைப் பிரித்துக்கொண்டே சொன்னார். தட்டி கழற்றுகிற அன்றைக்கு நானும் வருகிறேன் என்றேன். "காலையில ஏழு மணிக்கே வந்துருங்க மாப்ள, வெயில் ஏறுனா ரப்பர் ஒட்டிக்கும்" என்றார்.